பொத்தி வைப்பதா, புழங்கவிட்டு அளப்பதா? அக்குள் அறுவைக்குப் பின் கை வீக்கத்தைத் தடுக்கும் வழிகள்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவள் இடது கைக்குச் சட்டதிட்டங்கள் வந்து குவிந்துவிட்டன. அந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது. பிரஷர் பார்க்கக் கூடாது. கனமாக எதையும் தூக்கக் கூடாது. விமானம் ஏறவே கூடாது. சொன்ன எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். பாதிப் பேர் தெரிந்தவர் யாருக்கோ கை தூண்போல வீங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் 'கையின் சுற்றளவு இப்போது எவ்வளவு?' என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் அளந்து வைத்திருக்கவில்லை. அறுவைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது என்பது பிறகுதான் தெரிந்தது.

லிம்ஃபெடிமா என்னும் நிணநீர் வீக்கத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, ஒவ்வொரு கட்டத்திலும் நம் முன்னால் இரண்டு மூன்று வழிகள் இருப்பதும், எதற்கு ஆதாரம் இருக்கிறது எதற்கு இல்லை என்பதும் புரிந்தது. அவற்றைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கூடவே போய் வந்து, கேட்டு, படித்து, அளந்து பார்த்த ஆள்.

முதலில் வீக்கம் ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். ரத்தக் குழாய்களிலிருந்து நீரும் புரதமும் சதைக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போகும் வடிகால்தான் நிணநீர்க் குழாய்கள். வழியில் ஆங்காங்கே நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. 'நெறி கட்டியிருக்கிறது' என்போமே, அந்த நெறிகள்தான் இவை. அக்குளில் இருக்கும் முடிச்சுகளை எடுத்துவிட்டாலோ கதிர்வீச்சால் அவை சுருங்கிப்போனாலோ, கையிலிருந்து வரும் வடிகால் அடைபடுகிறது. சதையில் தங்கும் புரதம் மேலும் நீரை இழுக்கிறது. நாள்பட நாள்பட அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து சதை இறுகுகிறது. நீர் பிரிய மாத்திரை போட்டால் இந்த வீக்கம் சரியாகாததற்குக் காரணம் இதுதான்: மாத்திரை நீரை எடுக்கும், புரதத்தை எடுக்காது. உலக அளவில் யானைக்கால் புழுவும் இதே வடிகாலைத்தான் கெடுக்கிறது. காரணம் வேறு, நடப்பது ஏறக்குறைய ஒன்று.

அறுவைக்கு முன்: எத்தனை முடிச்சை எடுப்பது?

அபாயத்தைக் குறைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. அறுவைக்குப் பிறகு நாம் செய்யும் எதற்கும் இந்த அளவு வலு கிடையாது. அக்குள் முடிச்சுகளை மொத்தமாக வழித்தெடுத்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் சாயம் வைத்துக் கண்டுபிடித்து எடுக்கும் 'சென்டினல் நோட்' முறையில் அது சுமார் இருபதில் ஒருவராகக் குறைகிறது. பூஜ்யம் ஆவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 'ரெண்டே ரெண்டுதான் எடுத்தார்கள், எனக்கு வராது' என்று இருந்துவிடக் கூடாது.

சென்டினல் முடிச்சில் புற்று இருந்தால் மிச்சத்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அதை 'ஸீ-0011' என்ற ஆய்வு அசைத்துவிட்டது. மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சும் பெறும் பெண்களில், ஒன்று அல்லது இரண்டு சென்டினல் முடிச்சுகளில் புற்று இருந்தவர்களை அது எடுத்துக்கொண்டது. 2017இல் வெளிவந்த பத்து ஆண்டு முடிவில், மிச்ச முடிச்சுகளை விட்டுவைத்தவர்களில் 86.3 சதவீதமும் வழித்தெடுத்தவர்களில் 83.6 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். விட்டுவைத்ததால் நஷ்டம் இல்லை. 2014இல் வெளிவந்த 'ஏமரோஸ்' ஆய்வு இன்னொரு வழியைப் பார்த்தது: சென்டினல் முடிச்சில் புற்று இருந்தவர்களுக்கு அக்குளை வழித்தெடுப்பதற்குப் பதில் கதிர்வீச்சு கொடுத்தால் என்ன? இரண்டு பிரிவிலும் அக்குளில் நோய் திரும்பியது மிகச் சிலருக்கே. ஆனால் ஐந்தாம் ஆண்டில் வீக்கத்தின் அறிகுறி தெரிந்தவர்கள் அறுவைப் பிரிவில் 23 சதவீதம், கதிர்வீச்சுப் பிரிவில் 11 சதவீதம். ஏறக்குறையப் பாதி.

அதனால் கட்டி சிறிது, முடிச்சுகளில் பெரிய பாதிப்பு இல்லை என்றால், 'மிச்சத்தை விட்டுவைக்கலாமா, எடுக்காமல் கதிர்வீச்சு கொடுக்கலாமா' என்று அறுவை நிபுணரிடம் கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. அக்குளில் முடிச்சுகள் நிறையப் பாதிக்கப்பட்டிருந்தால் பேச்சே வேறு. அங்கே வழித்தெடுப்பதுதான் உயிரைக் காப்பது. கை வீங்கும் என்று பயந்து அதைத் தள்ளிப்போடுவது அசட்டுத்தனம். அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது. முழுதாக எடுத்தார்கள், பிறகு கதிர்வீச்சும் வந்தது. இரண்டும் சேர்ந்தால் அபாயம் இன்னும் ஏறும். அறுபட்ட நிணநீர்க் குழாய்களை அதே அறுவையின்போதே பக்கத்துச் சிரையோடு தைத்து இணைக்கும் நுண்ணறுவை ஒன்றும் இருக்கிறது. நல்ல யோசனை, ஆனால் அதற்கென்று பழகிய கைகள் வேண்டும். எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

அறுவைக்குப் பின்: பொத்தி வைப்பதா, புழங்கவிடுவதா?

எங்கள் வீட்டில் அதிகம் சண்டை நடந்தது இதற்காகத்தான். 'ஆயுசுக்கும் அந்தக் கையை பத்திரமாப் பாத்துக்கணும்' என்று சொல்லிச் சொல்லி, மூன்றாம் மாதத்தில் அக்கா தலை வாருவதற்குக்கூட வலது கையையே நம்பத் தொடங்கியிருந்தாள். தோள் இறுகிவிட்டது. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு இழுத்ததுபோல ஒரு நரம்பு தெறித்தது. (அது நரம்பு இல்லை என்றும், அறுவைக்குப் பின் பலருக்கும் வரும் இறுக்கம் என்றும், நீட்டி மடக்கினால் பெரும்பாலும் இளகிவிடும் என்றும் பிசியோதெரபிஸ்ட் சொன்னார்.)

பொத்தி வைக்கும் கட்சியின் வாதம் இதுதான்: பளு தூக்கினால் ரத்த ஓட்டம் கூடும், கசிவு கூடும், அரைகுறை வடிகால் தாங்காது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் பாதிப் பேரை எடை தூக்க வைத்தார்கள். மிகக் குறைந்த எடையில் தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டினார்கள். 2009இல் வந்த முடிவில், வீக்கம் முற்றியது எடை தூக்கியவர்களில் 14 சதவீதத்துக்கு, தூக்காதவர்களில் 29 சதவீதத்துக்கு. அடுத்த ஆண்டு, வீக்கம் இன்னும் வராத பெண்களிடம் கண்ட முடிவை வெளியிட்டார்கள். ஐந்து அல்லது அதற்கு மேல் முடிச்சு எடுக்கப்பட்டவர்களில், தூக்கியவர்களுக்கு 7 சதவீதம், தூக்காதவர்களுக்கு 22 சதவீதம். பயிற்சி வீக்கத்தைக் கொண்டுவரவில்லை. வடிகாலில் நீர் நகர்வதற்குத் தசை சுருங்கி விரிவதும் கைகொடுக்கிறது என்று யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை.

இதில் 'சிறுகச் சிறுக' என்பதைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. ஆறு மாதம் சும்மா வைத்திருந்த கையால் திடீரென்று வீட்டுச் சாமானையெல்லாம் ஒரே நாளில் நகர்த்தினால் யாருக்கும் வலிக்கும். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, அரைக் கிலோவில் தொடங்கி, மறுநாள் கை கனக்கவில்லை என்று பார்த்துவிட்டு ஏற்றுவது ஒரு ரகம். வீம்புக்குத் தூக்குவது இன்னொரு ரகம்.

ஊசி, பிரஷர், விமானம்? 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வு 632 நோயாளிகளிடம் எடுத்த 3,041 அளவுகளை வைத்து இதைத்தான் பார்த்தது. அந்தப் பக்கக் கையில் ரத்தம் எடுத்தது, ஊசி போட்டது, பிரஷர் பார்த்தது, விமானத்தில் போனது இவற்றுக்கும் கை பெருத்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தவை வேறு: அக்குளை வழித்தெடுத்தது, நிணநீர்ப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்தது, உடல் எடை கூடுதலாக இருப்பது, தோலில் செல்லுலைட்டிஸ் என்னும் கிருமித் தொற்று வந்தது. முதல் இரண்டும் நம் கையை மீறியவை. பின்னிரண்டில்தான் நாம் ஏதாவது செய்ய முடியும், ஆனால் அறிவுரை சொன்னவர்களில் ஒருவர்கூட அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

என் கணக்கு இப்படி. இன்னொரு கை சும்மா இருக்கும்போது ஊசியை அதில் குத்தச் சொல்வதில் ஒரு செலவும் இல்லை, சொல்லலாம். ஆனால் அவசரத்தில் அந்தக் கையில்தான் நரம்பு கிடைத்தது என்றால் தடுத்து நிறுத்தி ரகளை செய்ய வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் அறுவை ஆனவர்கள் காலில் ஊசி குத்திக்கொண்டு படும் பாட்டைப் பார்த்தால், இந்தப் பயம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று தெரியும்.

பழைய பட்டியலில் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தோல். கீறல், தீக்காயம், பூச்சிக்கடி, நகக்கண்ணைப் பிய்ப்பது, வெடிப்பு. வடிகால் மந்தமான கையில் கிருமி நுழைந்தால் சட்டென்று பரவும். ஒருமுறை தொற்று வந்தால் மிச்சமிருக்கும் குழாய்களும் கெடும், வீக்கம் கூடும், வீக்கம் கூடினால் அடுத்த தொற்று சுலபம். தோட்ட வேலைக்கும் பாத்திரம் தேய்க்கவும் கையுறை, தினமும் ஈரப்பசை தரும் கிரீம், கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவல். சாதாரண வேலைகள். ஆனால் தூக்காதே, ஏறாதே என்பதைவிட இவற்றுக்குப் பலன் அதிகம்.

கண்டுபிடிப்பது: உணர்வா, டேப்பா, இயந்திரமா?

வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். கனம், இறுக்கம், உள்ளே ஏதோ நிறைந்ததுபோல ஒரு உணர்வு. கடிகாரப் பட்டை ஒரு துளை தள்ளிப் போகும். சட்டைக் கையின் தையல் தடம் மாலையில் பதிந்திருக்கும். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கையின் புறங்கை நரம்புகளும் முட்டி எலும்புகளும் கொஞ்சம் மங்கியிருக்கும். கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது; மார்பகத்திலும், மார்புச் சுவரிலும், அக்குளுக்குப் பின்னால் முதுகிலும்கூட நீர் தங்கும்.

மருத்துவர்கள் இதை நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். பூஜ்ய நிலையில் வடிகால் பாதிக்கப்பட்டிருக்கும், வீக்கம் தெரியாது. இது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கலாம். முதல் நிலையில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், கையை உயர்த்தி வைத்தால் வடிந்துவிடும். இரண்டாம் நிலையில் உயர்த்தி வைத்தாலும் வடியாது, சதை இறுகத் தொடங்கியிருக்கும். மூன்றாம் நிலையில் தோலே தடித்து மாறிவிடும். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோடுதான் முக்கியம். அதற்கு இந்தப் பக்கம் பிடித்தால் திருப்பிக் கொண்டுவர வாய்ப்பு அதிகம். தாண்டிவிட்டால் ஆயுள் முழுக்கக் கட்டுப்படுத்திக்கொண்டு வாழ வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வருகிறது, ஆனால் அதற்குப் பின்னும் வரலாம்.

உணர்வை மட்டும் நம்பினால் சிக்கல் என்னவென்றால், அறுவையும் கதிர்வீச்சும் ஆன கையில் மரப்பும் இழுப்பும் எப்படியும் இருக்கும். எது எதனால் என்று தெரியாது. டேப் அந்தக் குழப்பத்தைக் குறைக்கும். மணிக்கட்டு எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று தோள் வரை குறித்து, இரண்டு கைகளையும், ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளக்க வேண்டும். டேப்பை இறுக்காமல் தோலைத் தொட்டால் போதும் என்ற அளவில் சுற்ற வேண்டும். ஒரு புள்ளியில் இரண்டு கைக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் வீக்கம் என்பது பழைய அளவுகோல். ஆனால் வலது கைக்காரருக்கு வலது கை இயல்பிலேயே கொஞ்சம் பருமன். முதல் நாள் அளவு இல்லாவிட்டால் எது இயல்பு, எது வீக்கம் என்று பிரிக்க முடியாது. நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். அறுவைக்கு நாள் குறித்தவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இரண்டு கையையும் ஒருமுறை அளந்து எழுதி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வழி பயோஇம்பீடன்ஸ் இயந்திரம். நமக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய மின்சாரத்தைக் கைக்குள் செலுத்தி, அணுக்களுக்கு வெளியே எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. சதைக்கும் கொழுப்புக்கும் ஏமாறாது, நீரை மட்டும் பார்க்கும். அதனால் சீக்கிரம் பிடிக்கும். 'பிரிவென்ட்' என்ற பன்னாட்டு ஆய்வு டேப்பையும் இந்த இயந்திரத்தையும் நேருக்கு நேர் நிறுத்தியது. அளவு கூடியவர்களுக்கு நான்கு வாரம், தினம் 12 மணி நேரம் அழுத்த ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் துணி உறை) போடச் சொன்னார்கள். 2022இல் வந்த முடிவில், அப்படிப் போட்டவர்களில் வீக்கம் நிரந்தரமானது இயந்திரப் பிரிவில் 7.9 சதவீதத்துக்கு, டேப் பிரிவில் 19.2 சதவீதத்துக்கு. இயந்திரம் ஜெயித்தது, சந்தேகமில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது ஆகாது, சதை இறுகிவிட்ட பழைய வீக்கத்தில் அதற்கு வேலையும் குறைவு.

இயந்திரம் பக்கத்தில் கிடைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் பார்ப்பது முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் மாதம் தவறாத டேப். ஆண்டுக்கு ஒருமுறை நல்ல இயந்திரத்தில் பார்ப்பதைவிட மாதாமாதம் டேப்பில் பார்ப்பது மேல் என்பது என் கட்சி. இதற்கு ஆய்வு எதுவும் என்னிடம் இல்லை, வீட்டு அனுபவம்தான்.

ஸ்லீவ் முன்கூட்டியா, வந்த பிறகா?

எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே ஸ்லீவ் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். அக்குளை வழித்தெடுத்த 307 பெண்களிடம் அதைச் செய்து பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் கையின் பருமன் 10 சதவீதத்துக்கு மேல் கூடியது ஸ்லீவ் போட்டவர்களில் 14 சதவீதத்துக்கு, போடாதவர்களில் 25 சதவீதத்துக்கு. எதிர்க்கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது: 2008இல் வெளிவந்த ஆய்வில், சராசரியாக 83 மில்லிலிட்டர் கூடியதும் கண்டுபிடித்து, நான்கு வாரம் ஸ்லீவ் போட்டு, பெரும்பகுதியைக் குறைத்தார்கள். அதாவது உன்னிப்பாகக் கவனிக்க ஆள் இருந்தால், வரும்போது போட்டாலும் தாமதமில்லை.

வெக்கையில் நாள் முழுக்க ஒரு இறுக்கமான துணியை மாட்டிக்கொண்டு இருப்பது சும்மா இல்லை. சென்டினல் முடிச்சு மட்டும் எடுத்தவர், இருபதில் ஒரு வாய்ப்புக்காக ஒரு வருடம் அதைப் போட வேண்டுமா? வேண்டாம், அளந்தால் போதும் என்பேன். வழித்தெடுத்து, கதிர்வீச்சும் வாங்கி, எடையும் கூடுதலாக இருப்பவர், அல்லது மாதாமாதம் அளக்க வழியில்லாதவர், முன்கூட்டியே போடுவது பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது. எப்படியானாலும் பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துத் தந்த ஸ்லீவாக இருக்க வேண்டும். அளவு தப்பினால் மேல் விளிம்பு சுருண்டு கயிறு கட்டியதுபோல இறுக்கும், நீரெல்லாம் புறங்கையில் போய்த் தேங்கும். இல்லாத வீக்கத்தை நாமே காசு கொடுத்து வாங்கியது போல.

தடுப்பதற்காக மசாஜ்? நிணநீரை மெல்லத் தடவி நகர்த்தும் மசாஜுக்குப் பலர் நிறையச் செலவு செய்கிறார்கள். 2011இல் 160 பேரிடம் பார்த்த ஆய்வில், பயிற்சியோடு மசாஜும் பெற்றவர்களில் 24 சதவீதத்துக்கும், பயிற்சி மட்டும் செய்தவர்களில் 19 சதவீதத்துக்கும் ஓராண்டில் வீக்கம் வந்தது. தடுப்பு மருந்தாக அதற்கு வேலை இல்லை. வீக்கம் வந்த பிறகு, பல அடுக்குக் கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றோடு சேர்ந்த சிகிச்சையில் அதற்கு ஒரு இடம் உண்டு. அங்கேயும் அதிகச் சுமையைத் தூக்குவது கட்டுதான்.

இடுப்பு, தொடையிடுக்கு முடிச்சுகள் எடுத்தவர்களுக்கு இதே கதை காலில் நடக்கிறது. அங்கே ஆய்வுகள் குறைவு, புவியீர்ப்பு எதிரி, இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் ஒப்பிடக்கூட இன்னொரு கால் இருக்காது. அவர்களுக்கு அறுவைக்கு முந்தைய அளவு இன்னும் அவசியம். காலின் இரண்டாம் விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பு எழவில்லை என்றால் நிணநீர் வீக்கம் இருக்க நல்ல வாய்ப்பு. எழுந்தால் வீக்கம் இல்லை என்று அர்த்தமில்லை.

ஒப்பீடு, யோசனை எதற்கும் இடமில்லாத நேரங்களும் உண்டு. கை சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அது செல்லுலைட்டிஸாக இருக்கலாம், ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. திடீரென்று வலியோடு வீங்கினாலோ நிறம் மாறினாலோ சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். மூச்சும் திணறினால் நேரே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். நெடுநாள் சும்மா இருந்த கை சட்டென்று வீங்கி, புதிதாகக் கட்டியோ மரப்போ தெரிந்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மூன்றிலும் ஸ்லீவை மாட்டிக்கொண்டு காத்திருப்பது தப்பு.

நாங்கள் கடைசியில் எடுத்தது கலப்பு வழி. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, அக்கா காபி குடிப்பதற்குள், நான் டேப்பை எடுப்பேன். வாரம் இரண்டு நாள் அவள் எடை தூக்குகிறாள். இப்போது மூன்று கிலோவில் இருக்கிறாள். ஒன்பதாம் மாதம் முழங்கைக்குக் கீழே ஒன்றேகால் சென்டிமீட்டர் கூடியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. 'டேப்பை லூஸாப் பிடிச்சிருப்ப' என்றாள். மறுபடி அளந்தேன், அதே எண். பிசியோதெரபிஸ்டிடம் போனோம், நான்கு வாரம் ஸ்லீவ் போட்டாள், முக்கால் சென்டிமீட்டர் இறங்கியது. மிச்ச அரை சென்டிமீட்டர் வீக்கமா, எடை தூக்கியதில் வந்த சதையா என்று எங்களுக்கு இன்னும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் அளவு இருந்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.